வயதான பெற்றோருடன் ஜப்பானில் பத்து நாள், நான்கு ஊர், எல்லாம் ரயிலிலேயே: பாஸ் வாங்கலாமா, எதைக் கவனிக்க வேண்டும்?

டோக்கியோ, கனாசாவா, கியோட்டோ, ஹிரோஷிமா. பத்து நாள். கூடவே அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. ரயில் பாஸ் எடுப்பதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே வழியில் என் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவன் என்பதால் எழுதுகிறேன். பாஸ் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது ரயில் நிலையங்கள். ரயில் நேரத்துக்கு வரும், நேரத்துக்குக் கிளம்பும். நாம் களைத்துப்போவதும் வழி தவறுவதும் நிலையத்துக்குள்ளேதான். உங்கள் திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் பாஸ். ஒரே விலையில் குறிப்பிட்ட நாள்களுக்கு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) வண்டிகளில் ஏறிச் செல்ல விடும், நாடு முழுக்கச் செல்லும் பாஸின் ஏழு நாள் விலையை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்புகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் எடுக்கச் சொல்லும், நம்பாதீர்கள். டோக்கியோவில் இறங்கி, திரும்பும் விமானத்தை ஒசாகா பக்கத்து கன்சாய் விமான நிலையத்திலிருந்து போட்டுக்கொண்டால் வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். டோக்கியோவிலிருந்து கனாசாவாவுக்கு சுமார் 14,000 யென், கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு 11,000 யென்னுக்குக் கொஞ்சம் மேல். பத்து நாளில் பரவிக் கிடக்கும் பயணங்களை ஏழு நாளுக்குள் திணித்து ஓடுவதைவிட எங்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் கட்டுப்படியானது. டோக்கியோவுக்கே திரும்பி விமானம் ஏற வேண்டுமென்றால் மட்டும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கே 19,000 யென் ஆகிவிடும். பாஸ் இருந்தாலும் ஷின்கான்செனில் (புல்லட் ரயில்) அதிவேகமான நொசோமி வண்டியில் ஏறக் கூடுதல் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது பெட்டி. டேப் எடுத்து இப்போதே அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, டோக்கியோ–ஒசாகா–ஹிரோஷிமா பாதையின் ஷின்கான்செனில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இது 2020 மே மாதத்திலிருந்து நடைமுறை. ரயில் பெட்டியில் கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடம் அந்த இருக்கைக்காரர்களுக்கு. பதிவு செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென் கட்ட வேண்டும்.

நான் சொல்வேன், பெரிய பெட்டியோடு ரயில் ஏறவே ஏறாதீர்கள். தக்யூபின் என்று ஒரு சேவை இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்து, அடுத்த ஹோட்டலின் முகவரியும் தங்கப்போகும் தேதியும் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். டோக்கியோவில் கொடுத்த எங்கள் இரண்டு பெட்டிகளும் கனாசாவாவில் அறை வாசலில் நின்றதைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு இரவுக்கான துணி, மாத்திரை, பாஸ்போர்ட் மட்டும் தோள்பையில் இருக்கட்டும். மாத்திரையை எந்தக் காரணம் கொண்டும் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

இனி நிலையங்கள். உங்கள் வழியில் சிரமமான இடம், கனாசாவாவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவே உள்ள ட்சுருகா நிலையம். முன்பு கனாசாவாவில் ஏறினால் நேரே கியோட்டோவில் இறங்கலாம். 2024 மார்ச் 16 அன்று டோக்கியோவிலிருந்து கனாசாவாவுக்கு வரும் ஹொகுரிகு ஷின்கான்சென் பாதை ட்சுருகா வரை நீண்ட பிறகு, அங்கே இறங்கி தண்டர்பேர்டு விரைவு வண்டிக்கு மாற வேண்டும். ஷின்கான்சென் மேல்தளத்தில் வந்து நிற்கும், தண்டர்பேர்டு தரைத்தளத்தில் காத்திருக்கும், நடுவில் டிக்கெட் கேட். இதற்குக் கிடைப்பது பல வேளைகளில் எட்டு நிமிடம்தான். இளவட்டங்களுக்கு அது போதும். முழங்கால் வலியோடு எஸ்கலேட்டர் கைப்பிடியை இறுகப் பிடித்து நிற்கும் அம்மாவை, பின்னால் ஒரு ரயில் கூட்டமே இறங்கி வரும்போது எப்படி அவசரப்படுத்துவது? கேட்டில் அப்பா இருந்த சீட்டுகளில் ஒன்றை மட்டும் போட்டார், தடுப்பு மூடிக்கொண்டது. அடிப்படைக் கட்டணத்துக்கு ஒரு சீட்டு, விரைவு வண்டிக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாக வரும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி உள்ளே விட வேண்டும், தேவையானது மறுபக்கம் வெளியே வரும், மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது நான். ஆகவே தண்டர்பேர்டை ஒரு வண்டி தள்ளிப் பதிவு செய்யுங்கள், டிக்கெட் கவுண்டரில் கேட்டால் செய்து தருவார்கள். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் பிவா ஏரி கூடவே வரும்.

கியோட்டோவில் ஷின்கான்சென் நிற்பது தெற்கே ஹாச்சிஜோ பக்கம், கோயில்களுக்குப் போகும் நகரப் பேருந்துகள் கிளம்புவது வடக்கே கராசுமா பக்கம். ஹோட்டல் "நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்றால் எந்த வாசலிலிருந்து என்று வரைபடத்தில் பாருங்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் வெளியே வந்தால் கால் மணி நேர நடை கூடிவிடும். பெரிய நிலையங்களிலும் லிஃப்ட் பிளாட்பாரத்தில் ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கும். டோக்கியோ மெட்ரோவில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் லிஃப்ட் பக்கம் என்று பிளாட்பாரத்திலேயே பலகை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஊருக்குள் சுற்ற ஆளுக்கொரு சுய்க்கா (முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கும் பயண அட்டை) கார்டு வேண்டும், ஒரே கார்டில் மூன்று பேர் நுழைய முடியாது.

நான்கு ஊருக்கும் எல்லாப் பெட்டிகளோடும் ஹோட்டல் மாறாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். கியோட்டோவில் பெரிய பெட்டிகளை விட்டுவிட்டு, தோள்பையோடு ஹிரோஷிமாவில் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள். ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து மியாஜிமா தீவுக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். கடலில் நிற்கும் அந்தச் சிவப்புத் தோரணவாயில் மிதப்பதுபோல் தெரிவது ஓதம் ஏறியிருக்கும்போதுதான். நீர் வடிந்தால் அடிவரை நடந்தே போகலாம். அப்பா இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டார், நேர அட்டவணையைப் பார்த்துப் போனதால் முடிந்தது.

சாப்பாட்டை ரயில் ஏறுமுன் வாங்கிக்கொள்ளுங்கள். நொசோமி, ஹிகாரி வண்டிகளில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் சைவம் என்றால் ஒன்று: காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் உலர்ந்த மீனில் எடுத்த தாஷி சாறு பெரும்பாலும் இருக்கும். "மீன் சாறுகூட வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள், காட்டினால் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்வார்கள்.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஏப்ரல் கடைசி–மே முதல் வாரம், ஆகஸ்ட் நடு, புத்தாண்டு இந்த மூன்றையும் தவிருங்கள். அந்த நாள்களில் நொசோமி முழுக்க முன்பதிவு இருக்கைகள்தான். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், எந்தெந்த வண்டி பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.