லெஃப்டி, ஐட்லர், இழுவை ஷாக்: மலைச் சைக்கிள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: என் பழைய கேனன்டேல் லெஃப்டி (இடப்பக்கம் மட்டும் கால் உள்ள முன் ஃபோர்க்) முன்பு 110 மி.மீ. இறங்கும். இப்போது 80-ஐத் தாண்டவில்லை. சீல் போய்விட்டதா?

ப: சீல் இல்லை, பேரிங் நகர்ந்திருக்கிறது. பழைய லெஃப்டிக்குள் 4 வரிசைகளில் 88 ஊசி ரோலர்கள் இருக்கும். ஓட ஓட அந்த ரோலர் பட்டைகள் மேலே ஏறி, குழாய் முழுதாக உள்ளே போகவிடாமல் முட்டுக்கொடுக்கும். வால்வை அமுக்கிக் காற்றை முழுக்க இறக்குங்கள். ஹேண்டில்பாரில் உடல் எடையைப் போட்டு ஐந்தாறு முறை வேகமாக அடிவரை அழுத்துங்கள். பட்டைகள் பழைய இடத்துக்கு வந்ததும் காற்றை ஏற்றி, இறக்கத்தை அளந்து பாருங்கள். அப்படியும் வராவிட்டால்தான் பிரிக்கும் வேலை. காற்றை இறக்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

கே: லெஃப்டியில் பஞ்சர் ஆனால் பிரேக் காலிப்பரைக் கழற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். வலப்பக்கம் கால் கிடையாதே. சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, டியூபை அந்தப் பக்கமாக மாற்றலாம்.

கே: என் எடை 75 கிலோ. பின் ஷாக்குக்குக் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ.? அதே எடையுள்ள நண்பர் 180 வைக்கிறார்.

ப: எந்த ஃபிரேம், ஷாக்கின் ஸ்ட்ரோக் (அமுங்கும் தூரம்) எவ்வளவு, எதையும் எழுதவில்லை. எடையை மட்டும் வைத்து யாரும் எண் சொல்ல முடியாது. பின்சக்கரம் 150 மி.மீ. நகர ஒரு ஃபிரேமில் ஷாக் 50 மி.மீ. அமுங்கும்: விகிதம் 3. இன்னொன்றில் 65 மி.மீ. அமுங்கும்: விகிதம் சுமார் 2.3. ஆள் ஒருவரே, சக்கர நகர்வும் ஒன்றே, ஆனால் முதல் ஷாக்கின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். காற்றறையின் அளவும் ஷாக்குக்கு ஷாக் மாறும். நண்பரின் 180 அவருடைய வண்டிக்கு மட்டும்தான்.

'சாக்' (sag), அதாவது ஏறி உட்கார்ந்ததும் உங்கள் எடையில் ஷாக் அமுங்கும் அளவு, அதை அளங்கள். ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். ஷாக் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, ஆட்டாமல் உட்கார்ந்து, ஆட்டாமல் இறங்குங்கள். 50 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 30 சதவீதம் என்றால் வளையம் 15 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். காற்றை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். 50 பி.எஸ்.ஐ.க்கு ஒருமுறை நிறுத்திப் பத்துத் தடவை அழுத்தினால்தான் நெகட்டிவ் அறையும் (எதிர்ப்பக்கமிருந்து தள்ளும் சிறு காற்றறை) நிரம்பும். பம்ப்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' குழாயில் நின்ற காற்று, ஷாக்கிலிருந்து போனதல்ல. திரும்ப மாட்டினால் முள் குறைத்துக் காட்டும், ஏனென்றால் ஷாக்கின் காற்று குழாயை நிரப்பப் போயிருக்கிறது. இதை 'லீக்' என்று நினைத்து நல்ல சீலை மாற்றுகிறவர்கள் ஏராளம். முதலில் அளங்கள், பிறகு எழுதுங்கள்.

கே: 190×50 (நீளம்×ஸ்ட்ரோக், மி.மீ.) ஷாக்குக்குப் பதில் 200×57 மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

ப: கூடாது. விகிதம் 2.5 என்றால் பின்பக்கம் 25 மி.மீ. தூக்கும். ஹெட் கோணம் (முன் ஃபோர்க்கின் சாய்வு) ஒரு டிகிரிக்கு மேல் நிமிரும், பெடல் அச்சும் உயரும். ஆனால் முழுதாக அமுங்கிய நீளம் முன்பு 140, இப்போது 143. ஆகவே ஆழத்தில் ஒன்றும் அதிகரிக்காது, மேலே மட்டும்தான் உயரும்.

கே: 90களின் டிரெக் ஒய்-பைக். உட்கார்ந்தால் மெத்தென்று இருக்கிறது, எழுந்து நின்றால் பின்பக்கம் கட்டை. ஷாக் கெட்டதா?

ப: ஷாக் நன்றாகவே இருக்கிறது, அந்த அமைப்பே அப்படி. பெடல் அச்சு பின்முக்கோணத்தோடு (பின்சக்கரத்தைத் தாங்கும் ஃபிரேம் பகுதி) சேர்ந்தே ஆடுகிறது. நின்றால் உங்கள் எடை முழுக்க அந்தப் பகுதி மேலேயே இறங்குவதால் ஷாக்குக்கு வேலையே இல்லை. எந்த ஷாக் போட்டாலும் இது மாறாது. கரடுமுரடான இறக்கத்தில் நின்று ஓட்டுகிறவருக்கு இது உகந்த வண்டியல்ல.

கே: ஸ்காட் ஜீனியஸின் இழுவை ஷாக் பழுது. சாதாரண ஷாக் பொருந்துமா?

ப: பொருந்தாது. அந்த ஃபிரேம் ஷாக்கை இழுக்கிறது, மற்ற ஃபிரேம்கள் அமுக்குகின்றன.

கே: ஹை-பிவட் (பின்பகுதியின் சுழல் அச்சு உயரமாக உள்ள) ஃபிரேமில் ஐட்லர் (செயினை மேலே தாங்கிச் செல்லும் சிறு பல்சக்கரம்) அரைக்கிற சத்தம்.

ப: பெரும்பாலும் காய்ந்த செயின்தான். துடைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு விடுங்கள். தீராவிட்டால் ஐட்லர் பல் கொக்கிபோல் வளைந்திருக்கிறதா, முன் செயின்ரிங்கோடு ஒரே கோட்டில் நிற்கிறதா பாருங்கள். எரிச்சலில் ஐட்லரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். சக்கரம் பின்னோக்கிப் போகும்போது செயின் இழுபட்டு, பெடல் காலைப் பின்னுக்கு உதைக்கும்.

கே: ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1, 2014 மாடல். சாதாரண 15 மி.மீ. ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) போடலாமா?

ப: முடியாது. ஆர்எஸ்-1 தலைகீழ் ஃபோர்க். அதில் இரு கால்களையும் கீழே இணைக்கும் வளைவு இல்லை. முறுகாமல் பிடித்து வைப்பதே அதற்கென்று செய்த தடித்த அச்சுள்ள ஹப்தான்.