கரையில் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால், சுற்றுலாக் கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமா?

போய்விடும், சந்தேகமே வேண்டாம். துறைமுகத்தில் கூடுதலாக நின்றால் கட்டணம் ஏறும், அடுத்த ஊருக்குப் போய்ச்சேரும் நேரமும் தவறும். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போயிருந்தால் செலவு நம் தலையில்தான்.

இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் கப்பல் வாசலில் அறை அட்டையை வாங்கிக் கருவியில் காட்டுவார்கள், ‘டிங்’ என்று ஒரு சத்தம். யார் திரும்பவில்லை என்பது அதில்தான் தெரியும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பாவது ஏறிவிட வேண்டும். அப்புறம், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வையுங்கள். கைபேசி தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும்; பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாத இடமென்றால் சிறு படகில் போய்வர வேண்டும். கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.