தாடை எலும்பு முறிவு: கேள்வி பதில்

முகத்தாடை அறுவை சிகிச்சை என் துறை. தாடை முறிவு பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

மதுரை வாசகர்: தம்பி பைக்கிலிருந்து விழுந்ததில் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஒரு டாக்டர் கம்பி கட்டினால் போதும் என்கிறார், இன்னொருவர் பிளேட் வைக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி, டாக்டர்?

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். கீழ்த்தாடை லாட வடிவ எலும்பு. மோவாயில் பலமாக அடிபட்டால் அங்கே ஒரு முறிவும், காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டுக் கழுத்தில் இன்னொரு முறிவும் வருவது சகஜம். எந்தச் சிகிச்சையானாலும் நோக்கம் ஒன்றுதான்: அடிபடும் முன்பு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிக் கடித்துப் பொருந்தினவோ, அப்படியே மறுபடியும் பொருந்த வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தாலும் கடி பொருந்தவில்லை என்றால் சிகிச்சை தோற்றுவிட்டது என்றே நான் சொல்வேன்.

கம்பி கட்டுவது என்றால், பல் வரிசையை ஒட்டி ஒரு உலோகப் பட்டையை வைத்து, மெல்லிய எஃகுக் கம்பியால் பல் பல்லாகச் சுற்றி முறுக்குவோம். அப்புறம் மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் கம்பியாலோ ரப்பராலோ பிணைத்து வாயை மூடிவிடுவோம். பொதுவாக 4 முதல் 6 வாரம். பற்கள் உறுதியாக இருந்து, எலும்பு அதிகம் விலகாதவர்களுக்கு இது போதும்.

பிளேட் என்றால் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறி, சிறிய டைட்டானியம் தகட்டை ஸ்க்ரூ போட்டு எலும்பில் பொருத்துவது. 1970களில் பிரான்சில் மிஷெலே, ஷாம்பி போன்றவர்கள் வளர்த்தெடுத்த முறை. மெல்லும்போது எலும்பில் இழுவிசை விழும் கோட்டைப் பார்த்து வைத்தால் சின்னத் தகடே தாங்கும் என்று ஷாம்பி காட்டினார். சீக்கிரம் வாய் திறக்கலாம் என்பது இதன் பெரிய லாபம். உங்கள் தம்பிக்கு முன்பக்க முறிவுக்குப் பிளேட், மூட்டுப் பக்கத்துக்குச் சில நாள் ரப்பர் என்று இரண்டும் சேர்ந்தே தேவைப்படலாம். எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது, கடி பொருந்துகிறதா என்று இருவரிடமும் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: வாயைக் கட்டியபின் வாந்தி வந்தால்?

குனிந்து உட்கார வையுங்கள். திரவம் பல் இடுக்கு வழியாகவே பெரும்பாலும் வெளியேறிவிடும். மூச்சு முட்டினால் மேலையும் கீழையும் பிணைக்கும் கம்பிகளை வெட்டிவிட வேண்டும். அதனால் கம்பி வெட்டும் கட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தூங்கும்போதும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று டாக்டர் காட்டாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

சேலம் வாசகி: என்ன சாப்பாடு கொடுப்பது?

கேழ்வரகுக் கூழ், பால், மோர், மிக்ஸியில் அரைத்து வடிகட்டிய பருப்புச் சாதம். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி வழியாக உள்ளே போகும். ஒவ்வொரு முறை சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கணும். கட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வேலூர் வாசகர்: எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுதான். அப்பாவுக்குக் கை அங்கேதான் கூடியது. தாடைக்கும் போகலாமா?

வேண்டாம். பல் இருக்கும் பகுதியில் தாடை முறிந்தால், முறிவு வாய்க்குள் திறந்திருக்கிறது என்று அர்த்தம். எச்சிலும் கிருமியும் எலும்புக்குள் போகும். மெல்லும் தசைகள் துண்டுகளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். வெளியே சுற்றும் துணிக்கட்டு அதைத் தடுக்காது, கடியையும் பொருத்தாது.

அதே வாசகர்: எங்கள் தாத்தாவுக்குத் தாடையே கட்டில்தான் கூடியது. சும்மா சொல்லவில்லை, சார்.

நம்புகிறேன். எலும்பு கூடுவது வேறு, பொருந்திக் கூடுவது வேறு. தாத்தாவுக்கு அப்போது பல் இருந்ததா? பல் இல்லாதவருக்குச் சற்று விலகிக் கூடினாலும் புது பல்செட்டில் சரிக்கட்டலாம். பல் உள்ளவருக்கு அரை மில்லிமீட்டர் மாறினாலும் சோறு மெல்லும்போது தெரியும். வாய்க்குள் பிடிமானம் வேண்டும் என்பது பழைய அறிவுதான். 1865இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் சீவர்ட் குதிரை வண்டி விபத்தில் தாடை முறிந்தபோது, கன்னிங் என்ற பல் மருத்துவர் கடின ரப்பரில் செய்த அச்சை வாய்க்குள் பொருத்தித்தான் சரிசெய்தார்.

திருவண்ணாமலை வாசகர்: ஆபரேஷன் என்றால் காசு, டாக்டர். ஏழைகள் கட்டுக்குப் போகாமல் என்ன செய்வார்கள்?

நியாயமான கோபம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். சாலை விபத்தின் முதல் 48 மணி நேரத்துக்கு 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. கட்டுக்கு அலைந்து சீழ் பிடித்தபின் வருபவர்களுக்குத்தான் செலவும் வலியும் கூடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடலூர் வாசகர்: கம்பியா, பிளேட்டா, எது நல்லது?

மதுரைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

திருச்சி வாசகர்: அண்ணனுக்குக் கம்பியா பிளேட்டா என்று…

மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

தஞ்சை வாசகி: கீழுதடு மரத்தே இருக்கிறது.

தாடைக்குள் ஓடும் நரம்பு அடிபட்டிருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் உணர்வு திரும்பும். சூடான காபியைப் பார்த்துக் குடியுங்கள்.

கோவை வாசகர்: மூக்கெலும்பு வளைந்துவிட்டது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெல்லை வாசகி: 5 வயது மகன் மோவாய் தரையில் அடிக்க விழுந்தான். தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரமாகிறது, வாயை முழுசாகத் திறக்க மாட்டேன் என்கிறான்.

அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். மோவாய் கிழிந்த குழந்தைக்கு இரண்டு காதுக்கு முன்னாலும் மூட்டைப் பார்த்தே ஆக வேண்டும். மூட்டுக் கழுத்து முறிந்திருந்தால் சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். மெதுவான சாப்பாடும் வாய் திறக்கும் பயிற்சியும் போதும். கடி பொருந்தாவிட்டால் சில நாள் மட்டும் கட்டுவோம், அதிக நாள் கட்டவே கூடாது. அசைக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும். வாய் திறக்காது, தாடையும் வளராது. அப்புறம் பெரிய ஆபரேஷன்தான். நாளைக்கே முகத்தாடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாவிட்டால் சி.டி. எடுக்கச் சொல்வார்கள், தயங்காமல் எடுங்கள்.