நூலகத்துக்கு வரி: கலிஃபோர்னியாவில் எத்தனை வாக்கு இருந்தால் போதும்?

2014-இல் சோனோமா கவுன்ட்டியில் (மாவட்டம் போன்றது) நூலக வரிக்குச் சுமார் 63% ஆதரவு கிடைத்தும் தோற்றது. 2011-இல் லாஸ் ஏஞ்சலஸில் அதே 63%-க்கு நூலகத் தீர்மானம் வென்றது. ஒரே மாநிலத்தில் இது எப்படி?

சோனோமாவில் கேட்டது புதிய வரி. ஒரு டாலர் விற்பனைக்கு எட்டில் ஒரு சென்ட், அதுவும் நூலகத்துக்கு மட்டும். இப்படி ஒரே நோக்கத்துக்கென்று ஒதுக்கி விதிப்பதைச் ‘சிறப்பு வரி’ என்பார்கள். கவுன்ட்டியோ நகரமோ சிறப்பு வரி விதிக்க, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய மாநில முன்மொழிவான புரொபசிஷன் 13 கொண்டுவந்த நிபந்தனை இது. 1996-இன் புரொபசிஷன் 218 இதை மேலும் இறுக்கியது. (புரொபசிஷன் 13-க்கே கிடைத்த ஆதரவு சுமார் 65%தான், அது விதித்த வரம்பை அதுவே எட்டியிருக்காது.)

லாஸ் ஏஞ்சலஸில் புதிய வரி எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே வசூலாகும் சொத்து வரியில் நூலகத்துக்கு நகரம் ஒதுக்க வேண்டிய பங்கை, சொத்து மதிப்பில் 0.0175% என்பதிலிருந்து படிப்படியாக 0.03% ஆக்க, நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தைத் திருத்தினார்கள். சாசனத் திருத்தத்துக்குப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும். சான் பிரான்சிஸ்கோவும் 1994 முதல் இந்த வழியில்தான் போகிறது. அங்கே 100 டாலர் சொத்து மதிப்புக்கு 2.5 சென்ட் நூலகத்துக்கு. 2022-இல் இதை இன்னும் 25 ஆண்டுக்கு நீட்டித்தார்கள்.

இந்த வழிக்கும் விலை உண்டு. புதுப் பணம் எதுவும் உள்ளே வருவதில்லை. நூலகத்துக்குக் கூடும் தொகை வேறு துறையில் குறையும். அதனால் எதிர்ப்பு நகர மன்றத்துக்கு உள்ளிருந்தே கிளம்பும். சோனோமா 2016-இல் அதே எட்டில் ஒரு சென்ட்டை 10 ஆண்டுக் கெடுவோடு மறுபடி கேட்டு வென்றது. 60 சதவீதத்துக்கு மேல் வாங்கித் தோற்ற ஊர்கள் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அதுதான்.

எங்கள் ஊரில் கடன் பத்திரம் வெளியிட்டுப் புது நூலகம் கட்டப் போகிறார்கள். அந்தப் பணத்தில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்க முடியாதா?

முடியாது. சொத்து வரிக்கு மாநில அரசியலமைப்பு விதித்த உச்சவரம்பு மதிப்பில் 1%. நகரத்தின் கடன் பத்திரத்தை அடைக்க அந்த வரம்புக்கு மேல் வசூலிக்க வேண்டுமானால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்; பணமும் நிலம், கட்டடம் வாங்கவோ மேம்படுத்தவோ மட்டுமே. சம்பளம், மின்கட்டணம், புத்தகம் எதற்கும் அதில் இடமில்லை.

நடத்தும் செலவுக்கு வழி விற்பனை வரி அல்லது பார்சல் வரி. பார்சல் வரி சொத்தின் மதிப்பைப் பார்த்து விதிப்பதல்ல. மதிப்பைப் பார்த்தால் அது 1% வரம்புக்குள் சிக்கிவிடும். ஆகவே பெரும்பாலும் மனைக்கு இத்தனை என்று ஒரே தொகை. ஓக்லண்டில் 2018-இல் நிறைவேறிய மெஷர் டி என்ற உள்ளூர்த் தீர்மானம், தனி வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 75 டாலர், 20 ஆண்டுக்கு. சின்ன வீட்டுக்கும் பெரிய பங்களாவுக்கும் ஒரே தொகை என்பதுதான் இதன் குறை. அதனால் வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கு எழுதி வைப்பது வழக்கம். விலக்கு தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டடத்துக்கு மட்டும் வாக்கு வாங்கிவிட்டு, ஆள் போடப் பணமில்லாமல் வாரத்தில் பாதி நாள் பூட்டி வைக்கும் நிலை வரக்கூடாது. கடன் பத்திரம் வாக்குக்குப் போகும் முன்பே ஆண்டு நடத்தும் செலவைக் கணக்கிட்டு, அது எங்கிருந்து வரும் என்று நகர மன்றத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

‘பொது வரி’ என்று கேட்டால் பாதி வாக்கு போதும் என்கிறார்களே, நூலகத்துக்கு அதைக் கேட்கலாமா?

கேட்கலாம். சலீனாஸில் 2004-இல் வரி முன்மொழிவுகள் தோற்றபின், ஊரின் மூன்று நூலகங்களையும் மூட முடிவானது. 2005 நவம்பரில் அரை சென்ட் விற்பனை வரியைப் பொது வரியாக, 10 ஆண்டுக்குக் கேட்டார்கள். வென்றார்கள், நூலகங்கள் பிழைத்தன. 2012-இல் வாக்காளர்கள் அந்த வரியை நிரந்தரமாக்கினார்கள்.

ஆனால் பொது வரியின் பணம் நகரத்தின் பொது நிதியில் விழும். அதை நூலகத்துக்கென்று சட்டப்படி கட்டிப்போட முடியாது. தீர்மான வாசகத்திலேயே ‘நூலகத்துக்கு மட்டும்’ என்று எழுதிவிட்டால் அது சிறப்பு வரியாகிவிடும். பாதி வாக்கில் வென்றாலும் நீதிமன்றத்தில் நிற்காது. சில ஊர்கள், ‘இந்த வரி நிறைவேறினால் பணத்தை நூலகத்துக்குச் செலவிடலாமா?’ என்ற ஆலோசனைக் கேள்வியைத் தனியாகப் பக்கத்தில் வைக்கின்றன. அதற்கு வரும் ‘ஆம்’ மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மறு ஆண்டு மன்றம் மாறினால் பணமும் இடம் மாறலாம்.

இன்னும் இரண்டு தடைகள். சொந்தச் சாசனம் இல்லாமல் மாநிலப் பொதுச் சட்டப்படி இயங்கும் நகரங்களில், பொது வரியை வாக்குச்சீட்டில் வைக்க மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். ஐந்து பேர் மன்றத்தில் நான்கு பேர். தேர்தலும் மன்ற உறுப்பினர்களுக்கான வழக்கமான தேர்தலோடு சேர்ந்தே நடக்க வேண்டும். அவசரநிலை என்று மன்றம் ஒருமனதாக அறிவித்தால் மட்டும் விதிவிலக்கு. சிறப்பு வரிக்கு இந்தத் தேதிக் கட்டுப்பாடு கிடையாது.

நாங்களே கையெழுத்து சேகரித்து வரியைக் கொண்டுவந்தால்?

2017-இல் அப்லண்ட் நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், புரொபசிஷன் 218-இன் தேதிக் கட்டுப்பாடு மக்கள் முன்னெடுக்கும் வரிக்குப் பொருந்தாது என்றது. அதைப் பின்பற்றி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், மக்கள் கையெழுத்தில் வரும் சிறப்பு வரிக்குப் பாதிக்கு மேல் வாக்கு போதும் என்று தீர்ப்பளித்தன. கடன் பத்திரத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

நகரத்தில் முதலில் மனு வாசகத்தைக் கொடுத்து, நகர வழக்கறிஞரிடம் தலைப்பும் சுருக்கமும் வாங்க வேண்டும்; அவருக்கு 15 நாள். பிறகு 180 நாளுக்குள், பதிவான வாக்காளர்களில் 10% பேரின் கையெழுத்து. தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாகச் சேகரியுங்கள். ஒரே ஆள் இரண்டு முறை போட்டது, பக்கத்து ஊர்க்காரர், பழைய முகவரி எல்லாம் சரிபார்ப்பில் உதிரும்.

நகர அதிகாரிகளே மனுவை எழுதி ஓட்டினால், ‘இது மக்கள் மனு அல்ல, அரசின் மனு’ என்று வழக்கு வரும். வழக்கு முடியும்வரை வசூலான பணத்தைத் தொட முடியாமல் போகலாம். மாநில அளவில் இந்த விதியையே மாற்றும் முயற்சிகளும் வந்துகொண்டிருக்கின்றன. மனு எழுதும் நாளில் என்ன சட்டம் என்பதைப் பார்த்துத் தொடங்குங்கள்.

2024-இல் மூன்றில் இரண்டு பங்கு என்ற வரம்பை 55% ஆகக் குறைத்துவிட்டார்கள் அல்லவா?

இல்லை. புரொபசிஷன் 5 அதைத்தான் கேட்டது. 2024 நவம்பரில் சுமார் 55% பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். வென்றிருந்தாலும் வீட்டுவசதிக்கும் நூலகம் போன்ற பொதுக் கட்டமைப்புக்குமான கடன் பத்திரங்களுக்குத்தான் அது பொருந்தியிருக்கும், நடத்தும் செலவுக்கான வரிக்கு அல்ல. பள்ளிக் கட்டடப் பத்திரங்களுக்கு மட்டும் 2000 முதல் 55% வசதி இருக்கிறது. நூலகத்துக்கும் அது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாக்குச்சீட்டில் நூலக வரிக் கேள்வியை வெறுமையாக விட்டால் அது ‘இல்லை’ ஆகிவிடுமா?

ஆகாது. அந்தக் கேள்விக்குப் பதிந்த வாக்குகள் மட்டுமே கணக்கு. 30,000 பேர் வாக்களித்து 27,000 பேர் நூலகக் கேள்விக்குப் பதில் சொன்னால், மூன்றில் இரண்டு பங்குக்கு 18,000 ‘ஆம்’ வேண்டும். 9,001 ‘இல்லை’ வந்தால் தோல்வி. ஒவ்வொரு ‘இல்லை’யையும் ஈடுகட்ட இரண்டு ‘ஆம்’ தேட வேண்டும் என்று தொண்டர்களிடம் சொல்லுங்கள், உடனே புரியும்.

நூலக ஊழியர்கள் பிரசாரம் செய்யலாமா?

வேலை நேரத்தில், பொதுப் பணத்தில் கூடாது. தகவல் தரலாம். சலீனாஸ் நகரம் தொடர்பாக 2009-இல் வந்த வர்காஸ் தீர்ப்பு இதற்கு வழிகாட்டி: மின்சாரம், தொலைபேசி போன்ற கட்டணங்களின் மீதான வரி ரத்தானால் எந்தெந்தச் சேவை குறையும் என்று நகரம் தன் இணையதளத்திலும் செய்திமடலிலும் நிதானமான நடையில் சொன்னது தவறல்ல என்றது உச்ச நீதிமன்றம். ‘வரி தோற்றால் சனிக்கிழமை மூடப்படும்’ என்று தகவலாகச் சொல்லலாம். ‘ஆம் என்று வாக்களியுங்கள்’ என்று நூலகச் செலவில் அச்சடிக்கக் கூடாது. மாலையில், சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் அவர்களும் குடிமக்கள்தான்.

எச்-1பி விசாவில் இருக்கிறோம், சொந்த வீடு உண்டு. பார்சல் வரி கட்டுகிறோம், வாக்கு இல்லையே?

குடியுரிமை இல்லாமல் வாக்களிக்க முடியாது. கிரீன் கார்டு இல்லாதவர்கள் இத்தகைய பிரசாரங்களுக்குப் பணம் கொடுக்கச் சட்டத் தடை இருக்கலாம், முதலில் விசாரியுங்கள். 20 டாலர் காசோலைகூட உங்களுக்கும் பிரசாரக் குழுவுக்கும் சிக்கலாகலாம். நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேச எந்தத் தடையும் இல்லை. தீர்மானம் எழுதப்படும் கட்டத்தில் அப்படிப் பேசுவதற்குப் பலன் அதிகம்.

தமிழ்நாட்டில் வாக்கெடுப்பே இல்லாமல் நூலக வரி இருக்கிறதே?

ஆம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் உள்ளாட்சிகள் வசூலிக்கின்றன. அங்கே சிக்கல் வேறு: வசூலித்த பணத்தை உள்ளாட்சி நூலகக் குழுவிடம் ஒப்படைக்காமல் பாக்கி சேர்வது.

எப்போது தொடங்க வேண்டும்?

வாக்குச்சீட்டில் இடம்பெற, தேர்தலுக்கு 88 நாள் முன்பே மன்றத் தீர்மானம் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். நவம்பர் தேர்தல் என்றால் ஆகஸ்ட் தொடக்கம். வாக்குச்சீட்டில் அச்சாகும் கேள்விக்கு 75 சொல்தான். அதற்குள் வரி விகிதம், ஆண்டுக்கு எவ்வளவு வசூலாகும், எத்தனை ஆண்டு என்ற மூன்றும் இருக்க வேண்டும். மிஞ்சுவது முப்பது நாற்பது சொல். அதில் ‘மேம்பட்ட சேவைகள்’ என்று எழுதி வீணாக்காதீர்கள். எந்தக் கிளை, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதுங்கள்.