விளக்கமறியலும் விடுதலையும்: ஓர் ஊடக மாணவிக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பில் ஊடகக் கற்கை டிப்ளோமா படிக்கிறேன். ஊடகச் சட்டமும் ஒரு பாடம். சட்டச் சொற்களின் நீண்ட பட்டியல் ஒன்றைத் தந்து பாடமாக்கச் சொன்னார்கள். இணையத்தில் தேடினால் தமிழ்நாட்டு விளக்கங்களே அதிகம் வருகின்றன. சென்ற கிழமை புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வந்து ஒப்படை எழுதினேன். "சந்தேகநபரை நீதிமன்றம் விடுதலை செய்தது" என்ற வரியின்கீழ் விரிவுரையாளர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். அந்தச் சந்தேகநபர் பிணையில் போனாராம். வீட்டுக்குப் போய்விட்டால் விடுதலைதானே? இந்தச் சொற்களை எப்படிப் படிப்பது? நீதிமன்றத்துக்குள் யாரும் போய் உட்காரலாமா? எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

கொட்டாஞ்சேனை வாசகி

அன்பின் மகள்,

சிவப்புக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. பிணையில் போனவர் மீதான வழக்கு அப்படியே இருக்கிறது. அடுத்த தவணைக்கு அவர் வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் பிடியாணை பிறக்கும். "விடுதலை" என்று நீங்கள் எழுதினால் வழக்கே முடிந்துவிட்டது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். பொலிஸில் முறைப்பாடு செய்தவர் அந்த வரியைப் படித்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

பட்டியலை அகரவரிசையில் பாடமாக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு வழக்கைக் கையில் எடுங்கள். அது இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அந்தக் கட்டத்தில் முடிவெடுப்பவர் யார், இன்னும் முடிவாகாதது எது என்று கேளுங்கள். சொற்கள் தாமாக மனதில் நிற்கும்.

ஒரு கொலை வழக்கையே எடுப்போம். பொலிஸார் ஒருவரைக் கைதுசெய்தால் சாதாரண சட்டத்தின்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இந்தக் கணக்கு வேறு. அதைத் தனியாகப் படியுங்கள். கைதின் விபரத்தை எழுதிய பி அறிக்கையை நீதவானிடம் பொலிஸார் கொடுப்பார்கள். அதில் இருப்பது பொலிஸாரின் கூற்று மட்டுமே. நம் பத்திரிகைகளில் வரும் பெரும்பாலான குற்றச் செய்திகளுக்கு மூலம் இந்த அறிக்கைதான். ஆகவே "பொலிஸார் நீதிமன்றில் தெரிவித்தனர்" என்ற தொடரை ஒருபோதும் வெட்டாதீர்கள். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அதை வெட்டும் உதவி ஆசிரியர்களைப் பார்த்து நான் பலமுறை கோபப்பட்டிருக்கிறேன். அந்தத் தொடர் போனதும் குற்றச்சாட்டு உண்மையாக மாறிவிடுகிறது.

இந்தக் கட்டத்தில் கைதானவர் சந்தேகநபர். நீதவான் அவரை 14 நாள் விளக்கமறியலில் வைக்கச் சொல்லலாம். அது தண்டனை ஆகாது. விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் காவல். "சிறையில் அடைப்பு" என்று தலைப்புப் போட்டால் அவர் தண்டிக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். கொலை போல மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமென்றால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கவேண்டும். "நீதவான் பிணை மறுத்தார்" என்று அங்கே எழுதினால் அவருக்கு இல்லாத அதிகாரத்தை அவர் தலையில் கட்டியதாகிவிடும்.

விசாரணைக் கோவை பின்னர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரிடம் போகிறது. அவர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் அன்றிலிருந்து சந்தேகநபர் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகிறார். எதிரி என்றும் சொல்வோம். புதுக்கடையில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடப்பதால் செககரு என்றால் சந்தேகநபர், சூதித என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர் என்று காதைப் பழக்கிக்கொள்ளுங்கள். சாட்சிகள் முடிந்து தீர்ப்பு வந்த பிறகுதான் குற்றவாளி என்ற சொல்லுக்கு வேலை. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்று அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரையே சொல்கிறது. மரண தண்டனை விதிக்கப்பட்டாலும், 1976 இற்குப் பிறகு இந்த நாட்டில் அது நிறைவேற்றப்பட்டதில்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். 

தமிழ்நாட்டு விளக்கங்களை ஏன் அப்படியே எடுக்கக்கூடாது என்பது இப்போது புரியும். அங்கே குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்வது பொலிஸ். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் மாநில நீதிமன்றம், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நமக்கு உயர் நீதிமன்றமே உச்சி. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்குக் கீழே மேல் நீதிமன்றம். சென்னைச் செய்தியைக் கொழும்பிலும் கொழும்புச் செய்தியைச் சென்னையிலும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டு நீதிமன்றம் என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பிணைக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதிகம் பிழை விடுவது அங்கேதான். "5 இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகளில் செல்ல அனுமதி" என்று கட்டளை வருகிறது. மறுநாள் "10 இலட்சம் ரூபா செலுத்தி வெளியே வந்தார்" என்று செய்தி வருகிறது. சரீரப் பிணையில் யாரும் பணம் கட்டுவதில்லை. இரண்டு பேர் வந்து, இவர் தவணைக்கு வராவிட்டால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கிறார்கள். பணம் கட்டுவது காசுப் பிணை.

புதுக்கடையில் ஒரு நாள் பின்னேரம்வரை நின்று பாருங்கள். காலையில் பிணைக் கட்டளை கிடைத்துவிடும். தாயொருத்தி அடையாள அட்டையும் கிராம சேவகரின் கடிதமும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது பிணையாளி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்று அலுவலக வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்பாள். அவர் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் பிணை கிடைத்த மகனும் சிறைச்சாலை பஸ்ஸில்தான் ஏறவேண்டும். "பிணை வழங்கப்பட்டது" என்பதும் "பிணையில் வெளியே வந்தார்" என்பதும் ஒன்றில்லை என்று அந்த வாசலில் நின்றால் தெரியும். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதையே விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் வைத்திருக்கிறது. ஏழைகளுக்கு அந்த விதி பிணையாளி கிடைக்காமலேயே தோற்றுப்போகிறது. இதை யாராவது தொடர்ந்து எழுதவேண்டும், நீங்கள் எழுதலாம்.

விடுதலையிலும் இரண்டு வகை உண்டு. ஆதாரம் போதாமல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர் மீது பின்னர் மறுபடி வழக்கு வரக்கூடும். விசாரணை முடிந்து குற்றவாளி அல்லர் எனத் தீர்க்கப்பட்டவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. கட்டளை எந்த வகை என்று தெரியாவிட்டால் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அடிப்படை உரிமை மீறல் மனுவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போவது அது. மனுவை விசாரிக்க அனுமதி கொடுப்பது முதற்படி மட்டுமே. "மனுதாரருக்கு வெற்றி" என்று அன்றைக்கே எழுதுவது அவசரம்.

அதேபோல் மானநஷ்டம். 2002 இல் குற்றவியல் அவதூறு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அவதூறுக்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். அரசியல்வாதி ஒருவர் சட்டத்தரணி மூலம் கோடிக்கணக்கில் கேட்டுக் கடிதம் அனுப்பினால் அது கோரிக்கைக் கடிதம். இன்னும் வழக்கில்லை.

நீதிமன்ற அவமதிப்போ இன்னும் சிறைவரை போகும். 2021 இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ரஞ்சன் ராமநாயக்கவுக்கு உயர் நீதிமன்றம் 4 வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது நினைவிருக்கும். இதற்கென எழுதப்பட்ட சட்டம் 2024 இல்தான் வந்தது, 8 ஆம் இலக்கச் சட்டம். அதைத் தேடி முழுதாகப் படியுங்கள். பயந்து பேசாமலிருக்கச் சொல்லவில்லை. மன்றில் நடந்ததை நடந்தபடி, இரு தரப்பையும் சேர்த்து எழுதுபவருக்கு அச்சம் தேவையில்லை. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் இன்னார்தான் செய்தார் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லும்போதுதான் ஆபத்து.

உள்ளே போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்கவேண்டும், எவரும் வரலாம் என்று அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை சொல்கிறது. குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக நீதிபதி வெளியே அனுப்பலாம். அப்போது எழுந்து வந்துவிடுங்கள். கைத்தொலைபேசியை நிறுத்தி வையுங்கள். உள்ளே படமெடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் வேண்டாம். குறிப்புப் புத்தகமும் பேனையும் போதும்.

எழுதக்கூடாதவற்றில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ அவரை இனங்காட்டும் எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். பெயரை விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். "இன்ன தோட்டம், இன்ன பாடசாலையில் தரம் 9 மாணவி, தந்தை முச்சக்கரவண்டிச் சாரதி" என்று எழுதினால் அந்த ஊருக்கே தெரிந்துவிடும். எதிரி தந்தையோ மாமாவோ என்றால் அவருடைய பெயரைப் போடுவதே பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதுதான். ஆசிரியர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விபரம் கூடினால் செய்தி விற்கும் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே பாடசாலைக்குத்தான் போகவேண்டும்.

ஒப்படையைத் திருத்திக் கொடுக்கும்போது வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தவணைக்கும் போங்கள். திகதி தவறிவிட்டால் வழக்கு இலக்கத்தைச் சொல்லிப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அன்று அந்தச் சந்தேகநபருக்கு என்ன நடந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.