சாப்பிடத் தொடங்கிவிட்டாள், கிளினிக்கை நிறுத்தலாமா?

கேள்வி: மகளுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறாள். மெலிய வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்தவள், பிறகு சாப்பிட்டதைச் சத்தி எடுக்கவும் பழகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து மூன்று மாதம். இப்போது மூன்று நேரமும் சாப்பிடுகிறாள். மனநலக் கிளினிக்குக்கு இனி வரமாட்டேனாம். மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர ஒரு நாள் போகிறது, ஊரும் கதைக்கிறது. நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. நிறை கூடக்கூடத்தான் "குண்டாகிறேன்" என்ற பயம் பிள்ளையைத் திரும்பப் பிடிக்கும். கிளினிக் அதிகம் தேவைப்படுகிற காலமே இதுதான்.

சத்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பு தடுமாறும். ஆள் பார்வைக்கு நல்லாய்த்தான் இருப்பாள். அதனால் சத்தி எடுத்ததை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் தேவையா என்று கேளுங்கள். நிறை பார்க்குமுன் நிறையத் தண்ணீர் குடித்துக் கணக்கைக் கூட்டுகிற பிள்ளைகள் உண்டு. மலசலகூடம் போய்வந்த பிறகு, மெல்லிய உடுப்போடு, ஒரே தராசில் நிறுப்பது நல்லது. எண்ணைக் கண்டால் கலங்குவாளென்றால், தராசுக்கு முதுகு காட்டி நிற்கவிடச் சொல்லித் தாதியிடம் கேட்கலாம்.

ஒரு கொப்பியில் மாதவிடாய் வந்த திகதி, தலைச்சுற்று, சாப்பிட்டவுடன் மலசலகூடம் போன நாட்கள் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டுபோங்கள். கலோரிக் கணக்கு மட்டும் வேண்டாம்.

வீட்டில் மூன்று சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறு தீன். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வயிறு வெறுமையாக இருந்தால், பிறகு கண்டபடி சாப்பிட்டுச் சத்தி எடுக்கத் தோன்றும். தட்டில் நீங்களே போடுங்கள். புட்டை உதிர்த்து உதிர்த்து ஓரத்தில் பரப்பிவிடுவாள், பார்த்தால் பாதி முடிந்ததுபோல இருக்கும். உடம்பைப் பற்றி வாதாடாமல், "இதையும் சாப்பிடு பிள்ளை" என்று அமைதியாகச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். சாப்பிட்ட பிறகும் ஒரு மணித்தியாலம் அவளோடு இருங்கள். சத்தி எடுத்துவிட்டால் உடனே பல் தீட்டக் கூடாது, அமிலம் பட்ட பல் தேயும். தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

தூரத்துக்கு ஒரு வழி: நிறை, நாடி, இரத்தப் பரிசோதனையை ஒன்றுவிட்டொரு முறை ஊர் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கிளினிக்கில் கொஞ்ச நேரம் அவளைத் தனியாகக் கதைக்க விடுங்கள். எப்போது இடைவெளியைக் கூட்டலாம் என்பதையும் அவளே கேட்கட்டும். ஊர் கேட்டால் "கிளினிக்" என்ற ஒரு சொல் போதும். பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர் யாருக்கு விளக்கம் சொல்கிறார்?

இடையில் கதைக்க ஆள் வேண்டுமென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, கையூன்றாமல் குந்தி எழும்ப முடியாமை, இருந்தபடியே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழ் என்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. பல நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டால் வீட்டில் திணித்துக் கொடுக்கவும் கூடாது. திடீரென்று கூடுதலாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொஸ்பேற் என்ற உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். 1990 அம்புலன்ஸை அழைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.