கடைசியில் யாருக்கு மிஞ்சும்? திரைப்பட வணிகம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

திரைப்படங்களுக்குப் பணம் வரும் வழி, அவை விற்கப்படும் முறை, இணையத்தில் விளம்பரப்படுத்தப்படும் விதம் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு மட்டும் இங்கே இடம் பெறுகின்றன. தயாரிப்புக் கணக்குகளைப் பல ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஆகவே கலை பற்றிய கேள்விகளை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என்னிடம் முழுத் திரைக்கதை தயாராக இருக்கிறது. எடுக்காத படத்தை முன்கூட்டியே விற்று, அந்தப் பணத்திலேயே எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். இது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான், ஆனால் திரைக்கதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடக்காது. முன்விற்பனையில் வாங்க வருபவர், நடிகர் யார், இயக்குநர் இதற்கு முன் எடுத்தவை எப்படி ஓடின, படம் எந்த ரகம் என்று பார்த்துத்தான் விலை சொல்வார். கான் திரைப்பட விழாவை ஒட்டி 1959 முதல் நடந்துவரும் படச் சந்தையில், ஒரு போஸ்டரையும் நடிகர் பட்டியலையும் மட்டும் காட்டி நாடு நாடாக உரிமை விற்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது வழக்கமாக விலையில் 20 சதவீதம்தான் அட்வான்ஸாக வரும். மீதி 80 சதவீதம், முடித்த படத்தை ஒப்படைத்த பிறகே வரும். எனவே அந்த ஒப்பந்தங்களை வங்கியிடமோ பைனான்சியரிடமோ ஈடாகக் காட்டிக் கடன் வாங்கித்தான் படப்பிடிப்புக்குப் போக வேண்டும். கடன் கொடுப்பவரின் பயமும் நியாயமானதே: படம் பாதியில் நின்றுவிட்டால் ஒப்பந்தம் வெறும் காகிதம். இந்தப் பயத்தைப் போக்குவதற்காகவே, படம் குறித்த நாளில், குறித்த செலவுக்குள் முடியும் என்று உறுதி தரும் நிறுவனங்கள் தோன்றின. லண்டனில் 1950-இல் தொடங்கிய ஃபிலிம் ஃபைனான்சஸ் அவற்றுள் மூத்தது. அப்படி உறுதி தருபவர் சும்மா தருவதில்லை. மொத்தச் செலவில் 2, 3 சதவீதம் கட்டணமாகப் போகும். எதிர்பாராத செலவுக்கென்று 10 சதவீதம் தனியே ஒதுக்கச் சொல்வார். அன்றன்று எத்தனை காட்சிகள் எடுத்தீர்கள் என்ற அறிக்கை அன்றிரவே அவருக்குப் போக வேண்டும். நிலைமை கைமீறினால் படத்தையே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. பத்து ஏரியாவை பத்துப் பேர் வாங்கியபோது, படம் ஓடாமல் போனால் நட்டத்தையும் அந்தப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டார்கள். டிவிடி விற்பனை சரிந்த பிறகு அவர்களில் பலருடைய கணக்கு கட்டுப்படியாகவில்லை, முன்விற்பனையும் மெலிந்தது. அந்த இடத்தில்தான் ஓடிடி தளங்கள் வந்து உட்கார்ந்தன.

கேள்வி: சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் நிகர லாபத்தில் 10 சதவீதம் தருவதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

முதலில் அந்த நிகர லாபம் எந்த வரிசையில் வருகிறது என்று பார்ப்போம். அரங்கில் சீட்டு விற்ற பணம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான். அதில் வரியாக 15 போகிறது. மீதி 85-இல் அரங்குக்காரர் 45-ஐ எடுத்துக்கொண்டு 40-ஐ வினியோகஸ்தருக்கு ஷேராகத் தருகிறார். வினியோகஸ்தர் தம் கமிஷனாக 30 சதவீதம், அதாவது 12 எடுக்கிறார், மிச்சம் 28. அடுத்து, விளம்பரத்துக்கும் வெளியீட்டுக்கும் தாம் செலவழித்த 20-ஐக் கழிக்கிறார், மிச்சம் 8. இந்த 8 தயாரிப்பாளர் பெயருக்கு வந்தாலும் அவர் பைக்குப் போகாது. முதலில் பைனான்சியரின் வட்டி, பிறகு அசல், பிறகு முதலீட்டாளர் போட்ட பணம், அதற்குமேல் அவருக்குப் பேசியிருக்கும் கூடுதல் தொகை. இவ்வளவும் தீர்ந்த பிறகு ஏதேனும் மிஞ்சினால் அதற்குப் பெயர்தான் நிகர லாபம். அதில் உங்களுக்கு 10 சதவீதம்.

நான் கணக்கெழுதிய படங்களில் இந்தக் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. அதில் ஒன்றில் தாளின் அடியில், பங்குதாரர் பெயருக்கு நேராகச் சுழியம் போடுவதற்கு முன்னால், கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன். படம் நன்றாகத்தான் ஓடியிருந்தது.

இது சின்னப் படங்களுக்கு மட்டும் நேரும் விபத்தும் அல்ல. 1988-இல் வெளியான ‘கமிங் டு அமெரிக்கா’ உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனாலும் நிகர லாபம் எதுவும் இல்லை என்று பாரமவுண்ட் நிறுவனம் கணக்குக் காட்டியது. அந்தக் கதை தம்முடைய கருத்திலிருந்து பிறந்தது என்று வழக்குத் தொடுத்த பத்திரிகையாளர் ஆர்ட் புக்வால்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததோடு, நிகர லாபத்தைக் கணக்கிடும் விதிகளில் பல நியாயத்துக்கு ஒவ்வாதவை என்றும் 1990-இல் நீதிமன்றம் கூறியது.

எனவே சம்பளத்தைக் குறைப்பதானால், நிகர லாபத்தைக் கேட்காமல், வசூல் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் குறிப்பிட்ட தொகை என்று எழுதி வாங்குங்கள். வசூல் வெளியே தெரியும் எண். லாபமோ கணக்கு எழுதுபவர் சொல்லும் எண். அந்த ஆளாக இருந்தவன்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: ஓடிடி தளத்துக்கு மொத்தமாக விற்றுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

தலைவலி இல்லை, அதோடு படம் பெரிதாக ஓடினால் வரக்கூடிய பணமும் இல்லை. நம் வினியோகஸ்தர்கள் அவுட்ரேட் என்று காலங்காலமாகச் சொல்லிவந்ததும் இதுவேதான்: ஒரு விலை, ஒரு முறை, அதன்பிறகு நட்டமோ லாபமோ வாங்கியவருடையது. பழைய அவுட்ரேட்டில் ஒரு ஏரியாவை மட்டும் விற்றார்கள். புதியதில் உலகம் முழுவதையும், பல நேரங்களில் நிரந்தரமாகவும், ஒரே வாங்குபவரிடம் விற்கிறோம். செலவுத் தொகையும் அதற்குமேல் ஒரு சதவீதமும் கையில் வந்துவிடுவதால் தயாரிப்பாளர் நிம்மதியாக உறங்கலாம். ஆனால் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரியாமல், அடுத்த படத்துக்கு விலை பேச அவர் எதை வைத்துக்கொண்டு போவார்?

இந்த எண்ணிக்கையைத் தளங்கள் வெகுகாலம் பூட்டியே வைத்திருந்தன. ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பெரிய செலவில் தளத்துக்கென்றே எடுத்த படத்தையோ தொடரையோ முதல் 90 நாட்களில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்தினர் அளவுக்குப் பார்த்திருந்தால் எழுத்தாளருக்குக் கூடுதல் தொகை உண்டு. அதே ஆண்டு டிசம்பரில், 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளை ஆறு மாதங்களில் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற பட்டியலை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது.

உங்களுக்கு விற்கும் எண்ணம் இருந்தால், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த மொழிகளுக்கு, மறுஆக்க உரிமை யாரிடம் என்ற மூன்றையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். ஏழு ஆண்டுகளில் உரிமை திரும்பி வரும் சற்றுக் குறைந்த விலை, திரும்பியே வராத பெரிய விலையைவிடச் சில நேரங்களில் மேலானது என்பது என் கருத்து.

கேள்வி: அரங்கில் வெளியான படம் இவ்வளவு சீக்கிரம் வீட்டுத் திரைக்கு வந்துவிடுவது ஏன்?

பெருந்தொற்றுக்கு முன் பெரிய சந்தைகளில் ஏறக்குறைய 90 நாட்கள் என்பது வழக்கமாக இருந்தது. 2020 ஏப்ரலில் அரங்குகள் மூடிக் கிடந்தபோது யுனிவர்சல் நிறுவனம் ஒரு படத்தை நேரடியாக வீடுகளுக்கு வாடகைக்கு விட, அமெரிக்காவின் ஏஎம்சி அரங்குகள் இனி உங்கள் படங்களைத் திரையிட மாட்டோம் என்று கொதித்தன. சில மாதங்களில், ஜூலையிலேயே, 17 நாட்கள் போதும் என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அரங்கு வெளியீட்டின் விளம்பரச் சூடு ஆறும் முன்பே வீட்டுக்கும் விற்றுவிட்டால் இரண்டாவது முறை விளம்பரத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே இதன் உள்கணக்கு. அடி விழுவது வசூலை நம்பிச் சம்பளம் பேசியவர்களுக்கு. தாம் நடித்த படம் அரங்கிலும் தளத்திலும் ஒரே நாளில் வெளியானதால் தமக்கு வர வேண்டிய தொகை குறைந்தது என்று நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் 2021 ஜூலையில் டிஸ்னி மீது வழக்குத் தொடுத்து, இரண்டே மாதங்களில் சமரசமானார்.

கேள்வி: எங்கள் படத்தின் ட்ரெய்லருக்குப் பல லட்சம் பார்வைகள் வந்தன. முதல் காட்சியில் அரங்கு காலியாக இருந்தது. எங்கே தவறு?

அந்தப் பார்வைகளில் எத்தனை தானாக வந்தவை, எத்தனை பணம் கொடுத்து வந்தவை என்று விளம்பர நிறுவனத்திடம் கேட்டீர்களா? யூடியூபில் ஒருவர் வேறு எதையோ பார்க்கப் போகும் வழியில் உங்கள் ட்ரெய்லர் விளம்பரமாக ஓடி, அதை அவர் ‘ஸ்கிப்’ செய்யாமல் 30 விநாடி ஓடவிட்டாலே அது ஒரு பார்வை. அவர் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். மொத்தப் பார்வையைப் பார்க்காதீர்கள். எந்த விநாடியில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று காட்டும் வரைகோடு யூடியூப் கணக்கின் உட்பக்கத்தில் இருக்கும், அதைக் கேளுங்கள். படத்தின் பெயரும் வெளியீட்டுத் தேதியும் ட்ரெய்லரின் கடைசியில் வருமானால், பெரும்பாலோர் அந்தத் தேதியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கேலியும் கூட்டமும் ஒன்றல்ல என்பதற்கு ‘மோர்பியஸ்’ நல்ல சாட்சி. 2022 ஏப்ரலில் வெளியான அப்படத்தை வைத்து இணையம் முழுக்க மீம்கள் பறந்தன. அதை ஆதரவு என்று எண்ணிய சோனி, ஜூன் மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரங்குகளில் மீண்டும் வெளியிட்டது. அந்த வாரக் கடைசியில் மூன்று லட்சம் டாலர் அளவுக்கே வசூலானது. சிரித்தவர்கள் யாரும் சீட்டு வாங்குவதாகச் சொல்லியிருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இரண்டு பழைய உதாரணங்களையும் சொல்ல வேண்டும். 1999-இல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ வெளியாவதற்கு முன்பே, காணாமல் போனவர்களைப் பற்றிய உண்மைச் செய்தி போன்ற தோற்றத்தில் ஓர் இணையதளம் நடத்தியது. படம் பார்க்கும் அனுபவம் அங்கேயே தொடங்கிவிட்டது. சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்ட ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’, 2009-இல் ‘உங்கள் ஊருக்குப் படம் வேண்டுமா?’ என்று கேட்டு இணையத்தில் வாக்கு வாங்கியது; பத்து லட்சம் பேர் கேட்டால் நாடு முழுவதும் வெளியிடுவதாக அறிவித்தார்கள், கேட்டார்கள், வெளியிட்டார்கள். அந்த வாக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயரோடு வந்தது என்பதே இங்கே முக்கியம். எந்த ஊரில் எத்தனை காட்சி போடலாம் என்று வினியோகஸ்தருக்கு அது சொன்னது. உங்கள் பல லட்சம் பார்வைகள் அவருக்கு அப்படி எதையும் சொல்லவில்லை.

பொதுமக்களிடம் சிறுதொகை திரட்டுவது பற்றியும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். 2013-இல் ‘வெரோனிகா மார்ஸ்’ படத்துக்கு 91,000-க்கும் அதிகமானோர் 57 லட்சம் டாலர் கொடுத்தது உண்மை. அது ஏற்கெனவே ரசிகர் கூட்டம் கொண்ட தொலைக்காட்சித் தொடர். பணம் தந்தவர்களுக்கு லாபத்தில் பங்கும் கிடையாது. புதியவர்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறப்பதில்லை.

கேள்வி: படச்சுருள் போய் எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதே, வெளியீட்டுச் செலவு குறைந்திருக்க வேண்டுமே?

பிரதி எடுக்கும் செலவு குறைந்தது. மொத்தச் செலவு குறையவில்லை. அரங்குகள் புதிய ப்ரொஜெக்டர் வாங்கிய கடனை அடைக்க, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு கட்டணத்தை வெளியிடுபவரே பல ஆண்டுகள் கட்டினார். மிச்சமானதை இணைய விளம்பரம் விழுங்கியது. உண்மையில் மாறியது பிடி யார் கையில் என்பதுதான். முன்பு பாக்கி வைத்த தயாரிப்பாளரின் படப்பெட்டி லேபை விட்டு நகராது. இப்போது படம் பூட்டிய கோப்பாக முன்கூட்டியே அரங்குக்குப் போய்விடும். அதைத் திறக்கும் சாவி தனியே, அந்த அரங்கின் அந்தக் கருவிக்கு மட்டும், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்று குறித்து அனுப்பப்படும். ஒரு படத்தின் முதல் நாள் காலை, ஆட்கள் இருக்கையில் அமர்ந்துவிட்ட பிறகும் திரை இருட்டாகவே இருக்க, பைனான்சியரின் அலுவலகத்தில் வட்டிப் பாக்கிக்கான கூட்டலை நான் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே காலுக்கு அவர் சரி என்றார். பதினொன்றரைக்குச் சாவி போயிற்று.